ஐந்து பேர் படமும் அப்பா சொன்ன கதையும்

உங்கள் வீட்டிலும் பதினான்கு, பதினைந்து வயதில் ஒரு பிள்ளை இருந்தால் இந்தப் படங்கள் உங்களுக்கும் பழக்கமாகியிருக்கும். ஐந்தாறு பேர் வருவார்கள். ஒருவருக்கொருவர் எந்த உறவும் கிடையாது. ஒருவன் பறப்பான், ஒருத்தி சுவரைத் துளைத்துக்கொண்டு போவாள், இன்னொருவனுக்கு ஒன்றுமே தெரியாது, அவனையும் சேர்த்துக்கொள்வார்கள். முதல் அரைமணி நேரம் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள். பிறகு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கடைசியில் உலகத்தைக் காப்பாற்றுவார்கள்.

போன மாதம் என் மகள் இப்படி ஒரு படத்துக்குத் தன் சிநேகிதிகள் மூன்று பேரோடு போனாள். தனியே விட எனக்குப் பயம். நானும் கூடப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். படம் முடிந்ததும் நான்கு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். சந்தோஷ அழுகை. வரும் வழியில் என் மகள், "அப்பா, இவங்க மூணு பேரும்தான் என்னோட ஃபேமிலி" என்றாள். நான் சிரித்திருக்க வேண்டும். ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, "உங்கள்ல யாராவது யாருக்காவது ஏதாவது வாக்குக் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். கேட்ட விதமும் சரியில்லை, பொலிஸ்காரன் கேட்பது போல இருந்தது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் மகள் இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவளிடம் என்னால் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்களில் பலர் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் ஓடித் திரிந்தவர்கள். நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

எனக்கு அப்போது பத்து வயது. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஏறினால் எங்கள் தோட்டம். அப்பா தோட்டப் பாடசாலையில் மாஸ்டர். எங்களுக்கு வரிசை வீடான லயத்தில் ஒற்றைக் காம்பரா இல்லை, இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள தனி வீடு. இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்திருந்தது; அது இல்லாதவர்களை ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாக இருந்த தங்கை, நான்கு பேருக்கும். அந்தக் காகிதத்தை அப்பா ஒரு தகரப் பெட்டியில் வேட்டியைச் சுற்றி வைத்திருந்தார். அதை யாரும் தொடக் கூடாது.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, வயிற்றுப் பூச்சியைப் பற்றி ஒரு படம் காட்டப் போகிறார்கள் என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் சொன்னார்கள். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மேல்மாடிதான் கொட்டகை. ஞாயிறு என்பதால் தட்டுகள் வெறுமையாக இருந்தன. ஜன்னல்களுக்கெல்லாம் சாக்கு அடித்துப் பகலை இருட்டாக்கியிருந்தார் ஸ்டோருக்குப் பொறுப்பான டீ மேக்கர். முதல் நாள் வாடிய கொழுந்தின் வாசம், பச்சையும் இனிப்புமாக, பலகைகளில் ஊறிக் கிடந்தது. இன்றைக்கும் எங்காவது ஆப்பிளை அறுத்தால் எனக்கு அந்த மாடி ஞாபகம் வரும்.

வான் வண்டியில் வந்த படக்காரர் பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது, புகையிரத நிலையத்தில் பெட்டி மாறிவிட்டது. பூச்சிப் படம் வேறு எங்கோ போய்விட்டது. இவர் கையில் இருந்தது ஏதோ ஒரு தியேட்டருக்குப் போக வேண்டிய ஆங்கிலப் படம். ஐந்நூறு பேர் உட்கார்ந்தாகிவிட்டது, எழுந்து போகச் சொன்னால் யார் கேட்பார்கள். "இதையே போடுங்க, மாஸ்டர் வெளக்கம் சொல்லுவாரு" என்றார் டீ மேக்கர். அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்றார்.

உத்தியோகத்தர் வீட்டுக்காரர்கள் நாற்காலியில் இருந்தோம். மேல் லயங்களின் சனம் எங்களுக்குப் பின்னால் தரையில் இருந்தது. தண்ணீர்ப் பீலிக்குக் கீழே இருந்த லயத்துச் சனம் திரைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது. யாரும் போகச் சொல்லவில்லை. அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைத் துணி என்பதால் அந்தப் பக்கமும் படம் தெரியும், இடது வலதாக மாறித் தெரியும், அவ்வளவுதான்.

படத்தில் முகமூடி போட்ட ஐந்து பேர். ஒருவன் பெரிய பலசாலி. ஒருவன் நினைத்த நேரத்தில் மறைந்துபோவான். ஒருவனுக்கு வெகு தூரத்தில் பேசுவது கேட்கும். ஒருத்தி பறப்பாள். இவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்ச் சேர்க்கிற பெண்ணுக்கு எந்தச் சக்தியும் இல்லை, மூளை மட்டும் உண்டு. அப்பா முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிறகு அவருக்கே கதை பிடித்துவிட்டது. ஐந்து பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ரொட்டியைப் பிய்க்கிற இடத்தில் மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு சொன்னார்: "இவங்க யாருக்கும் பொறந்த வீடுன்னு ஒண்ணு இல்ல. அதனால ஒருத்தருக்கு ஒருத்தர்தான் வீடு. ஒருத்தரை விட்டுட்டு மத்த நாலு பேரும் ஒரு வாய் திங்க மாட்டாங்க."

திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு சத்தமில்லை. பின்னால் யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். அந்தக் காட்சியில் படத்தில் யாரும் வாயே திறக்கவில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. அது அப்பாவாகச் சொன்னது. கடைசி ரீலும் பெட்டியில் இல்லை. படம் பாதிச் சண்டையில் நின்றது. அப்பா அசரவில்லை. ஐந்து பேரும் ஜெயித்து ஒன்றாக வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று முடித்துவைத்தார். எல்லாரும் கை தட்டினோம்.

மறுநாள் பாடசாலை விட்டதும் ஒரு பெண் எங்களை ஒவ்வொருவராகத் தேடி வந்தாள். பீலிக்குக் கீழ் லயத்துப் பிள்ளை, பன்னிரண்டு வயது. அவளுடைய அப்பா மரம் விழுந்து செத்தார், அம்மா காய்ச்சலில் போய்விட்டாள், சித்தி வீட்டில் வளர்ந்தாள். வகுப்பில் எப்போதும் அவள்தான் முதலாவது. முதலில் கொழுந்து லொறி ட்ரைவரின் மகனைப் பிடித்தாள், அவன்தான் பலசாலி. பிறகு மருத்துவச்சி அம்மாவின் மகன். வேதக்காரர்கள், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். அவன் ஒல்லியாக இருப்பான், தேயிலைச் செடிக்குள் புகுந்தால் காண முடியாது, ஆகவே மறைகிறவன். கடைசியில் என்னிடம் வந்தாள். "மாஸ்டர் வூட்டுப் புள்ளைக்கு ஊரு ரகசியமெல்லாம் காதுல விழும்ல. நீதான் தூரத்துக் காது" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவளை நாங்கள் தலைவி என்று கூப்பிட்டோம்.

பறக்கிறவளுக்கு ஆள் கிடைக்கவில்லை. தலைவியின் சித்தி வளர்த்த வெள்ளாட்டுக் குட்டி ஒன்று எப்போதும் கல் கட்டுக்குக் கல் கட்டு தாவிக்கொண்டே இருக்கும். அதை எடுத்துக்கொண்டோம்.

முதல் சண்டை கையைப் பற்றியது. படத்தில் அவர்கள் ஒன்றுகூடும்போது ஒரு கையை உயர்த்துவார்கள். நாங்கள் மூன்று பேரும் வலது கையை உயர்த்தினோம், தலைவி இடது கையை உயர்த்தினாள். பலசாலி, "ஒனக்குப் படமே வெளங்கல" என்றான். "நீங்க பாத்ததுதான்டா மாத்தி" என்றாள் அவள். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தோம் என்பதை யாரும் பேசவில்லை. அரை நாள் இழுபறிக்குப் பிறகு இரண்டு கையையும் உயர்த்துவது என்று முடிவானது.

சித்தியின் பழைய கம்பளியை நான்காக வெட்டித் தோளில் கட்டிக்கொண்டோம். மழைக்குத் தலையில் போட்டுக் கொழுந்து எடுத்த கம்பளி. புகையும் ஈரமும் தேயிலைக் கறையும் கலந்த நாற்றம். கழுத்தில் அரிக்கும். இருந்தாலும் கழற்ற மாட்டோம். ஆட்டுக்கு ஒரு சாக்குத் துண்டு. அது தன் சாக்கைத் தானே தின்றுவிடும், வாரம் ஒரு புதுச் சாக்கு தேவைப்பட்டது. ரோட்டுக்குக் கீழே ஒரு சுவர் இடிந்து கிடந்த பழைய பிள்ளைக்காம்பரா எங்கள் தலைமையகம். நாங்கள் எல்லாரும் தவழ்ந்த இடம்தான் அது, எங்கள் அம்மாமார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளைப் போட்டுவிட்டுப் போகிற இடம். தொட்டில் கட்டிய கொக்கிகள் இன்னும் உத்திரத்தில் இருந்தன.

உலகத்தைக் காப்பாற்ற எங்களுக்கு வாய்ப்பு வரவில்லை. பீலி அடைத்துக்கொண்டபோது குச்சி விட்டுத் தண்ணீரைத் திறந்தோம். நிறைமாதக்காரி ஒருத்தி கொழுந்துச் சாக்கைத் தூக்க முடியாமல் மலையில் பின்தங்கியபோது, நான்கு பேரும் கம்பளி பறக்க இறங்கிப் போய்ச் சாக்கைத் தூக்கி நிறுக்கிற இடத்தில் வைத்தோம். கங்காணி தடியோடு துரத்தினார். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பிள்ளை அங்கேயே பிறந்துவிடும் போல இருந்தது என்று மருத்துவச்சி அம்மா பிறகு சொன்னார்.

அப்பா மைக்கில் சொன்ன சட்டத்தை அப்படியே பிடித்துக்கொண்டோம். ஐந்து பேரும் வந்து சேராமல் யாரும் ஒரு வாய் தின்னக் கூடாது. தேங்காய் ரொட்டியும் சம்பலும் ஒரே தட்டில் போட்டு, முதல் துண்டு ஆட்டுக்கு. எங்கள் வீட்டுக்குத் தலைவி வந்தால் அம்மா விறகுக் கொட்டிலின் பலகையில் கவிழ்த்து வைத்திருக்கும் தகர டம்ளரில்தான் தேநீர் கொடுப்பார். பிள்ளைக்காம்பராவில் அதெல்லாம் கிடையாது. என் வாழ்நாளில் அந்த இரண்டு மாதம் சிரித்ததைப் போல நான் சிரித்ததில்லை. என் மகள் தியேட்டர் வாசலில் சிரித்துக்கொண்டு அழுதபோது எனக்கு அது தெரிந்த முகமாக இருந்தது. அதுதான் பயம்.

மாசி மாதத்தில் ஒரு நாள் ஆடு வரவில்லை. தலைவி மட்டும் வந்தாள். சித்தி ஆட்டை விற்றுவிட்டாள். அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் ஆட்டை விற்றால், அவர்களுக்கு இந்தியாவுக்குப் போகிற நாள் வந்துவிட்டது என்று லயம் முழுக்கத் தெரிந்துவிடும். தலைவியின் பெயரும் சித்தியின் பாஸ்போர்ட்டில் ஏறியிருந்தது.

அவள் அழவில்லை. சித்தி ஒளிக்காமல் சொல்லிவிட்டாளாம். அங்கே போனதும் ஒரு தெரிந்த வீட்டில் பாத்திரம் கழுவ, பிள்ளை பார்க்க அவளை விடப் போகிறார்கள். படிப்பு அதோடு சரி. "இங்க இருந்தா நான் டீச்சரா வருவேன்டா. அங்க போனா வேலைக்காரிதான்" என்றாள். பலசாலி அவளைத் தேயிலைக்குள் ஒளித்துவைக்கலாம் என்றான். "சோறு யாரு போடுவா, ஒங்கப்பனா?" என்றாள் அவள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத்தானே தூரத்துக் காது.

நான் கேட்டிருந்தேன்தான். அப்பாவிடம் மனு எழுத வந்த யாரிடமோ அவர் சொன்னது. பிரஜாவுரிமை உள்ள ஒருவர், இந்தப் பிள்ளையை நான் பொறுப்பெடுக்கிறேன் என்று விண்ணப்பப் பாரத்தில் எழுதிக் கண்டியில் இருக்கிற அலுவலகத்துக்கு அனுப்பினால், பாஸ்போர்ட்டிலிருந்து பிள்ளையின் பெயரை எடுத்துவிடுவார்கள். அதை நான் சொன்னதும் மறைகிறவன் துள்ளினான். சித்தியிடம் போனோம். சித்தி யோசிக்கவேயில்லை. மாஸ்டர் எழுதிக் கொடுத்தால் சந்தோஷமாக விட்டுவிட்டுப் போகிறேன், எனக்கே நான்கு இருக்கிறது என்றாள்.

அப்பா வாசலில் கண்ணாடி வைத்து முகம் சவரம் செய்துகொண்டிருந்தார். நான்கு பேரும் கம்பளியோடு போய் நின்றோம். நான் சொன்னேன். அப்பா கத்தியை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்குள்ளேயே எங்களைப் பார்த்தார். பிறகு சோப்பு நுரையோடு திரும்பிச் சிரித்தார். "எழுதுறேன்" என்றார். எங்கள் தலையில் கைவைத்தார். இப்போது எண்ணிப் பார்க்கிறேன், மூன்று தலைகள்.

அன்று குசினியில் அம்மா, "எழுதினா அது இந்த வூட்டுக்குள்ளதான படுக்கணும்" என்று சொன்னது கேட்டது. இடம் போதாது என்ற கவலை என்று நினைத்தேன். உள்ளே போய், நான் வாங்குப் பலகையில் படுத்துக்கொள்கிறேன் என்றேன். அம்மா என்னைப் பார்த்தார், பிறகு அடுப்பை ஊதினார்.

நான்கு நாள் கழித்து அப்பாவிடம் கேட்டேன், எழுதியாகிவிட்டதா என்று. "எழுதிட்டேன். போய் வெளையாடு."

பிள்ளைக்காம்பராவுக்கு நான் ஓடிய ஓட்டம் இன்னும் காலில் இருக்கிறது. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். பலசாலி தலைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினான். மறைகிறவன் சிலுவை போட்டுக்கொண்டான். தலைவி சிரித்தாள். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் அவளுக்குப் படுக்க எங்கே இடம் என்பதே எங்கள் வேலையாகிவிட்டது. அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, அறையில் பலசாலியைப் படுக்கவைத்துச் சாணால் அளந்தோம். ஜன்னல் பக்கமா, சுவர்ப் பக்கமா என்று சண்டை வேறு.

அந்த வாரம்தான் மருத்துவச்சி அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா பாடசாலையில், அம்மா பீலியில். வாசலில் நான் மட்டும் இருந்தேன். ஹட்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெண்பிள்ளைகள் போர்டிங்கில் ஒரே ஒரு இடம் இருக்கிறது, தலைவிக்காகத் தான் சொல்லி வைத்திருக்கிறார், கண்டிக்கு எழுதுவதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், ஆனால் நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார். ஆசை காட்டி ஏமாற்றக் கூடாது என்பதால் பிள்ளையிடமோ தன் மகனிடமோகூட அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"மாஸ்டர் எழுதிட்டாருன்னு பேசிக்கிறாங்களே. நெசந்தானா தம்பி?"

நெசந்தான் என்றேன்.

"நல்லாத் தெரியுமா?"

"கண்ணால பாத்தேன்ங்க."

நான் பார்க்கவில்லை. ஆனால் அவள் போர்டிங்குக்குப் போனால் மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருவாள். எங்கள் வீட்டில் இருந்தால் ஒவ்வொரு நாளும் இருப்பாள். படுக்கைக்கு இடம்கூட அளந்தாகிவிட்டது. மருத்துவச்சி அம்மா முகம் மலர்ந்து, "அப்படின்னா அதுதான் நல்லது. புள்ள ஒரு குடும்பத்தோட இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை.

பங்குனி பிறந்து சில நாள். தங்கை தகரப் பெட்டியைத் தட்டிவிட்டாள், வேட்டி அவிழ்ந்து காகிதங்கள் கொட்டின. பொறுக்கி அடுக்கும்போது அந்தப் பாரம் கையில் வந்தது. மேலே அச்செழுத்தில் கேள்விகள், கீழே கோடுகள். ஒரு கோட்டிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பேனா பட்ட இடமே இல்லை. இரண்டாகக்கூட மடிக்கப்படாத புதுப் பாரம்.

நான் அதை அடியில் வைத்துப் பெட்டியை மூடினேன். மருத்துவச்சி அம்மா வீட்டுக்கு ஓடியிருக்கலாம். ஓடினால், கண்ணால் பார்த்தேன் என்று சொன்னது என்னவாகும்? அப்பா நாளைக்கு எழுதுவார் என்று இருந்தேன். நாளைக்கு என்றே பத்துப் பதினைந்து நாள் போனது. தினமும் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன், கம்பளி கட்டினேன், தட்டில் கைவைத்தேன். யாருக்கும் என் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போகிற நாளுக்கு முந்தின நாள்தான் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டாள். அப்பா அவளிடம், கண்டியிலிருந்து பதில் வரவில்லை, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பினார். சித்தி கும்பிட்டுவிட்டுப் போனாள்.

முப்பது வயதில் ஒருமுறை அப்பாவிடம் இதைக் கேட்டேன். ஓய்வு பெற்றிருந்தார், பத்திரிகையை மடித்து வைத்தார். பிள்ளைகள் விளையாட்டு, இரண்டு வாரத்தில் மறந்துவிடுவீர்கள் என்று நினைத்ததாகச் சொன்னார். பிறகு, இன்னொரு பிள்ளையை எழுதப் போய் நம் நான்கு பேருடைய காகிதத்தையும் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்ததாகச் சொன்னார். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். மூன்றாவது காரணத்தை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தலைவி போன சில வருடங்களிலேயே, எழுதாமல் விடுபட்டு இங்கேயே இருந்துவிட்டவர்களுக்கெல்லாம் பிரஜாவுரிமை வந்தது. அந்தப் பயத்துக்கும் அர்த்தமில்லாமல் போனது.

இந்தக் கதையை என் மனைவியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊரையே அழவைத்தவர் சொந்தப் பிள்ளையிடம் எழுதிவிட்டேன் என்று பொய் சொன்னார் என்று சொல்லும்போது என் குரல் நடுங்கும். அவளும் என் கையைப் பிடித்துக்கொள்வாள். வெறும் பாரத்தோடு கதையை நிறுத்திவிடுவேன். புகையிரத நிலையத்தைச் சொன்னதில்லை.

ஹட்டன் நிலையத்தில் அன்று போகிறவர்கள் ஏழெட்டுக் குடும்பம். தகரப் பெட்டிகள், கயிறு கட்டிய பாய்கள், அம்மிக் கல்லைக்கூடச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு வைக்கிற ஒப்பாரியில் நிலைய மணிச் சத்தமே கேட்கவில்லை. அப்பா வரவில்லை. பாடசாலைக்குப் பரிசோதகர் வருகிறார் என்று சொல்லிவிட்டார். மருத்துவச்சி அம்மாதான் எங்கள் மூன்று பேரையும் பஸ்ஸில் கூட்டி வந்தார். பலசாலி சத்தம் போட்டு அழுதான். மறைகிறவன் ஜெபமாலையைக் கொடுத்தான்.

தலைவிக்குப் புதுச் சட்டை. சித்தியின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வரச் சொன்னாள்.

"ஒங்கப்பா எழுதலைன்னு எனக்கு அப்பவே தெரியும்டா."

எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பேன் போலிருக்கிறது.

"மனு எழுத வந்தா எல்லாருகிட்டயும் இந்தியாவுல எந்த ஊரு, எந்தத் தாலுகா, தாத்தா பேரென்னன்னு கேப்பாரு. ரெண்டு தடவை சொல்லச் சொல்லுவாரு. ஜன்னலுக்கு வெளிய நின்னு எத்தனை தடவ கேட்டிருக்கேன். எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலியே. கேக்காம எப்பிடி எழுதுவாரு?"

மாஸ்டர் மகனான எனக்கு அது தோன்றவில்லை. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"சொன்னா ஆட்டம் முடிஞ்சிரும்ல. எனக்குப் படுக்க எடமெல்லாம் அளந்தீங்க. நல்லாருந்துச்சு. வேற எடமும் எனக்கு இல்ல, அப்பறம் எதுக்கு எல்லாரும் சேந்து அழுவணும்னு விட்டுட்டேன்."

அந்த நேரத்தில் மருத்துவச்சி அம்மா பக்கத்தில் வந்துவிட்டார். அவள் கன்னத்தைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, மாஸ்டர் எழுதினது என்னாச்சு?"

"கண்டியில முடியாதுன்னுட்டாங்களாம்" என்றேன்.

தலைவி என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பி, "ஆமாங்கம்மா. கடுதாசி வந்துச்சாம்" என்றாள். அவ்வளவு இயல்பாகச் சொன்னாள். அப்பாவைக் காப்பாற்றுகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்பாவை அல்ல.

மருத்துவச்சி அம்மா பெருமூச்சு விட்டார். "எல்லாம் கூடி வந்து இப்பிடியாயிருச்சே. மாசியிலயே போர்டிங்குல ஒனக்கு எடம் கேட்டு வச்சிருந்தேன் புள்ள. இந்தத் தம்பிதான் எழுதியாச்சு, கண்ணால பாத்தேன்னு சொல்லிச்சு. அப்பறம் சிஸ்டர் வேற ஒரு புள்ளையைச் சேத்துட்டாங்க."

குழந்தை தலைவியின் புதுச் சட்டையின் காலரைச் சப்பிக்கொண்டிருந்தது. அதை மெதுவாக வாயிலிருந்து விலக்கிவிட்டாள். கோச்சி வந்துவிட்டது. சித்தி கத்திக் கூப்பிட்டாள். தலைவி குனிந்து மூட்டையை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் அவளைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். அவளை எங்கள் விளையாட்டுப் பெயரால் கூப்பிடுவதா, சொந்தப் பெயரால் கூப்பிடுவதா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் ஏறிவிட்டாள்.

பலசாலி கோச்சியோடு மேடை முடிகிற வரைக்கும் ஓடினான். நான் தண்ணீர்க் குழாயடியிலேயே நின்றேன். திரும்பி வந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது, கண்ணீரும் சளியும் முகமெல்லாம் வழிந்தது.

"ஜன்னல்ல நின்னா. ஒண்ணே ஒண்ணு கேட்டா. அந்தப் போர்டிங்குல படுக்கக் கட்டில் குடுப்பாங்களாடான்னு கேட்டா. தெரியாதுன்னேன். ஒனக்குத் தெரியுமா?"

மருத்துவச்சி அம்மா அன்று எங்கள் வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தார். ஆளுக்கு ஒரு இரும்புக் கட்டில், வெள்ளைப் போர்வை, கட்டிலுக்குக் கீழே பூட்டுப் போட்ட சின்னப் பெட்டி, சாவி பிள்ளையின் கையிலேயே.

"எனக்கும் தெரியாது" என்றேன்.